மஞ்சள் கயிற்றில் ஒரு வெள்ளிப் பதக்கம்

மன்னார்ப் பாலத்தைக் கடந்து தீவுக்குள் கால் வைத்ததுமே கோட்டை கண்ணில் படும். நான்கு கொத்தளங்கள், உப்புக்காற்று அரித்த சுவர்கள். 1560இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1795 ஒக்டோபர் 5ஆம் திகதி ஆங்கிலேயர் வசமானது. அந்தக் கடைசிக் கைமாற்றத்துக்கு ஒரு பதக்கமும் உண்டு.

படைப் பதக்கங்களில் ஒரு வகை, தனியொருவரின் துணிச்சலுக்கானது. 1987 நவம்பரில் யாழ்ப்பாண மண்ணில் உயிரிழந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு இந்தியா அளித்த பரம் வீர் சக்ரா அப்படிப்பட்டது. இன்னொரு வகை, ஒரு போரில் பங்குகொண்டவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பது. 'நீயும் அந்தக் களத்தில் நின்றாய்' என்பதற்கான அத்தாட்சி அது. நின்றவருக்கு அதை மறுத்தால், அவர் அங்கே நிற்கவே இல்லை என்று எழுதியதற்குச் சமம்.

இந்த வகைப் பதக்கம் மன்னாருக்குப் பழங்கதை அல்ல. 2007, 2008இல் சிலாவத்துறை, அடம்பன், விடத்தல்தீவு எல்லாம் போர்க்களமாயின. வடக்கில் நடந்த அந்தப் போரில் பங்கெடுத்த படையினருக்கு இலங்கை அரசு வழங்கியது 'வடக்கு மனிதாபிமான நடவடிக்கைப் பதக்கம்'. மடு மாதாவின் திருச்சுரூபமே 2008 ஏப்ரலில் கோவிலை விட்டு இடம்பெயர்ந்தது. அந்த நாட்களில் வீடுவாசலை விட்டு ஓடியவர்களுக்கு அந்தப் பதக்கத்தின் பெயர் இன்றும் வலிக்கும்.

1795க்கு வருவோம். பிரெஞ்சுப் புரட்சிப் படை ஒல்லாந்தைப் பிடித்ததும், இலங்கைத் துறைமுகங்களும் பிரான்சிடம் போய்விடுமோ என்று ஆங்கிலேயர் பயந்தார்கள். கேணல் ஜேம்ஸ் ஸ்டுவர்ட் தலைமையில் சென்னையிலிருந்து படை வந்தது. ஓகஸ்டில் திருகோணமலை, செப்டெம்பர் இறுதியில் யாழ்ப்பாணம், அடுத்து மன்னார், 1796 பெப்ரவரியில் கொழும்பு. பிரிட்டிஷ் துருப்புகளோடு வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பெரும்பகுதி சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள்தான்.

1807இல் கம்பெனி பதக்கத்தை அறிவித்தது. கழுத்தில் மஞ்சள் கயிற்றில் தொங்கும் வெள்ளி வட்டம். ஒரு முகத்தில் 'இலங்கைத் தீவில் ஆற்றிய சேவைக்காக' என்று ஆங்கிலத்தில். மறுமுகத்தில் பாரசீகத்தில், ஹிஜ்ரி 1209, 1210 என்ற ஆண்டுகளோடு. தமிழில் ஓர் எழுத்துக்கூட இல்லை. வெள்ளியில் 121, தங்கத்தில் 2. அத்தனையும் வங்காளப் பீரங்கிப் படைக்கே போயின.

கம்பெனிக்கு வங்காளம், சென்னை, பம்பாய் என்று மாகாணத்துக்கொரு படை. வங்காளம் தன் ஆட்களை மட்டும் கவனித்துக்கொண்டது. இது அநியாயம். ஆனால் 1815இல் வாட்டர்லூப் போரில் நின்ற பிரிட்டிஷ் படையினருக்குத் தளபதி, சிப்பாய் என்ற பேதமின்றி ஒரே பதக்கம் கிடைத்தது. விளிம்பில் அவரவர் பெயரும் பொறிக்கப்பட்டது.

1851இல் பழைய இந்தியப் போர்களுக்காக, உயிரோடு இருந்தவர்களுக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். கணக்கு 1803இலிருந்து தொடங்கியது. இலங்கைக்கு வந்த சென்னைச் சிப்பாய் அதிலும் சேரவில்லை.