வேரைப் பிடித்து மூச்சு விட்ட கொசு

இரண்டு காலிலும் மந்து உள்ளவன், ஒரு காலில் மந்து உள்ளவனைப் பார்த்து ‘மந்தா’ என்று கூப்பிட்டானாம். திருவனந்தபுரத்து வலியசாலைத் தமிழர்களின் காதுக்கும் பழகிப்போன மலையாளப் பழமொழி. மந்து என்பது நம் யானைக்கால்தான். மலையாள நாட்டுக்கதைகளின் பித்தன் நாராணத்துப் பிராந்தன் கதையிலும் அது வருகிறது. சுடுகாட்டுக் காளி ‘வரம் கேள், வரம் கேள்’ என்று விடாமல் நச்சரிக்க, ‘இந்தக் காலில் இருக்கும் மந்தை அந்தக் காலுக்கு மாற்றிக் கொடு, போதும்’ என்கிறான் அவன். அந்த அளவுக்கு இந்த நோய் மலையாளக் கரையில் மலிந்து கிடந்தது.

வெள்ளைக்காரர்கள் இதற்குக் ‘கொச்சிக் கால்’ என்றே பெயர் வைத்தார்கள். மயிலாப்பூரில் புனித தோமாவைக் கொன்றவர்களின் வம்சத்தைப் பிடித்த சாபம் என்று ஊரார் சொன்னதை, 1580களில் கோவாவில் இருந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன் எழுதிவைத்திருக்கிறார். வேறு சிலர் பழியைக் கொச்சித் தண்ணீரின்மேல் போட்டார்கள். வசதி உள்ளவர்கள் ஆலுவாவிலிருந்து ஆற்றுத் தண்ணீரை வரவழைத்துக் குடித்தார்கள்.

தண்ணீரைச் சந்தேகப்பட்டதை நினைத்து நாம் சிரிக்க வேண்டியதில்லை. 1877இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில், நோய்ப்புழு இருந்த தன் தோட்டக்காரரைக் கொசுக்கள் கடிக்கும்படி தூங்கவைத்து, பிறகு அந்தக் கொசுக்களின் வயிற்றைக் கிழித்துப் புழுக்குஞ்சு வளர்வதைக் கண்டார் பேட்ரிக் மான்சன். அவரேகூட, கொசு செத்துத் தண்ணீரில் விழுகிறது, அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு நோய் வருகிறது என்றுதான் நினைத்தார். புழு கொசுவின் ஊசிமூக்குக்குள்ளேயே வந்து காத்திருக்கிறது, கடியின் வழியாகத்தான் அடுத்த ஆளுக்குப் போகிறது என்பது 1900இல்தான் தெளிவானது.

திருவிதாங்கூரில் முறையான ஆராய்ச்சி தொடங்கியது இன்னும் பின்னால். 1928இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் டாக்டர் ஜேகாக்ஸ் திருவனந்தபுரத்துக்கு வந்தார். கொக்கிப்புழுக் கணக்கெடுப்பு, நெய்யாற்றின்கரையில் மாதிரிச் சுகாதார மையம் என்று அவர் காலத்தில் கிளம்பிய வேலைகளோடு யானைக்கால் ஆராய்ச்சியும் சேர்ந்தது. அதைக் கையில் எடுத்தவர் எம்.ஓ.டி. ஐயங்கார். வங்காளத்தில் மலேரியாக் கொசுக்களோடு மல்லுக்கட்டிவிட்டு இங்கே வந்த பூச்சியியலாளர். அவருடைய திருவிதாங்கூர் ஆய்வு 1938இல் தனி நூலாகவே வெளிவந்தது.

ஐயங்கார் முன்னால் இருந்தது ஒரு நோய் அல்ல, இரண்டு. திருவனந்தபுரம் போன்ற நகரங்களில் வூச்சரீரியா பான்கிராஃப்டி என்ற புழு. சேர்த்தலைப் பக்கத்துக் கடலோரக் கிராமங்களில், இன்று புரூஜியா மலாயி என்று அழைக்கப்படும் இன்னொரு புழு. இரண்டும் நிணநீர் நாளங்களில் குடியிருப்பவை. இரண்டின் குஞ்சுகளும் இரவில்தான் ரத்தத்தில் மேலே வரும். ஆனால் சேர்த்தலையில் வீக்கம் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே நின்றுவிடும். ஓதம் எனும் விரைவீக்கம் நகரத்துப் புழுவின் வேலை. இரண்டு புழுவையும் சுமக்கும் கொசுக்களும் வேறு வேறு. அதனால் நோயாளியைப் பார்த்தாலே எந்தக் கொசு கடித்தது என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

கொசு விஷயத்தில்தான் கதை சூடுபிடிக்கிறது. சாதாரணக் கொசுப்புழு தண்ணீரில் தலைகீழாகத் தொங்கும், மூச்சுக்குழலை மேலே நீட்டிக் காற்றை வாங்கும். அதனால்தான் தண்ணீர்மேல் எண்ணெய் ஊற்றினால் மூச்சுமுட்டிச் சாகிறது. சேர்த்தலையின் மான்சோனியா கொசு அந்த ஜாதி இல்லை. அதன் புழுவுக்கு மூச்சுக்குழல் ரம்பம் வைத்த ஊசி. ஆகாயத்தாமரையின் வேரில் அதைக் குத்தி, செடிக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சிக்கொண்டு அசையாமல் கிடக்கும். நீர்மட்டத்துக்கு வருவதே இல்லை. எண்ணெய் ஊற்றினாலும் ஒன்றும் ஆகாது, மீனைவிட்டாலும் அடர்ந்த வேர்ச் சடைக்குள் அது நுழைந்து தேடாது. கரண்டியால் மொண்டு பார்த்தால் குளம் சுத்தமாக இருப்பதாகத் தோன்றும். செடியைப் பிடுங்கி வெள்ளைத் தட்டில் நீர்விட்டு உதறினால்தான் புழுக்கள் நெளியும். முட்டையும் அதே செடியின் இலைக்கு அடியில்தான், கொத்தாக.

அப்படியானால் செடியைப் பிடுங்கிப் போட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். சேர்த்தலையில் வீட்டுக்கு வீடு குளம் உண்டு. மண்ணெடுத்து மேடாக்கித் தென்னை வைத்த பள்ளங்கள் அவை. கயிறு திரிப்பதற்காகத் தேங்காய் மட்டையை ஊறப்போடுவது அதில்தான். ஆகாயத்தாமரையோ களை மட்டுமல்ல, அள்ளித் தென்னை மூட்டில் போடும் பசுந்தாள் உரம். அதைக் குளத்தில் வேண்டுமென்றே வளர்த்தார்கள். தென்னை, மட்டை, குளம், செடி, கொசு, புழு, கால் என்று ஒரு சங்கிலி. அதில் எந்தக் கண்ணியை அறுத்தாலும் யாரோ ஒருவரின் பிழைப்பில் கை வைத்ததாகும். நோயைப் பரப்பியது மக்களின் அறியாமை என்று சொல்லிவிடுவது சுலபம். அவர்கள் நல்ல கணக்குத்தான் போட்டிருந்தார்கள், கொசு அதில் வரவில்லை, அவ்வளவே.

ஐயங்கார் சொன்ன மருந்து செடியைப் பிடுங்குவது. கண்டுபிடிப்பதற்கும் செய்துமுடிப்பதற்கும் இடையில் அரை நூற்றாண்டு ஓடியது. 1986இல் புதுச்சேரியின் நோய்ப்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், பி.கே. ராஜகோபாலன் தலைமையில் இருந்தபோது, சேர்த்தலையில் கால் பதித்தது. குளத்தைச் சுத்தம் செய்யுங்கள் என்று உபதேசம் செய்துவிட்டுத் திரும்பவில்லை. சுத்தம் செய்த குளத்தில் மீன் வளர்க்கக் கற்றுக்கொடுத்தது. களையைத் தின்னும் புல்கெண்டை, கௌராமி போன்ற மீன்கள். செடி போன இடத்தில் மீன் விற்ற காசு வந்தது. ஊர் இளைஞர்கள் மன்றம் அமைத்து இறங்கினார்கள். என்னைக் கேட்டால், இந்த ஆராய்ச்சியின் கெட்டிக்காரத்தனமே இதில்தான் இருக்கிறது: செடியிலிருந்து கிடைத்த லாபத்துக்கு மாற்று லாபத்தைத் தேடியது. புகழ் முழுவதையும் திட்டத்துக்கே கொடுத்துவிடவும் முடியாது. வீடு கட்டக் குளங்களைத் தூர்த்ததும், பசுந்தாளின் இடத்தில் ரசாயன உரம் வந்ததும் தம் பங்குக்கு உதவின.

வலியசாலைக்கு இந்த வித்தை உதவாது. கிள்ளியாற்றங்கரை, ஒட்டி ஒட்டி நிற்கும் அக்கிரகார வீடுகள், சாலைக் கடைத்தெருவின் கழிவு, மூடியும் மூடாமலும் ஓடும் ஓடை: இது கியூலெக்ஸ் கொசுவின் ராஜ்ஜியம். அழுக்குத் தண்ணீர்தான் அதற்கு அமிர்தம். சாக்கடையில் மீன் வளர்த்து விற்க முடியாது. அதைச் சுத்தப்படுத்துவதில் எந்த வீட்டுக்காரருக்கும் வரவு இல்லை, செலவுதான். நகரத்துப் புழுவை அடக்குவதில் பெரும் பங்கு மாத்திரைக்கே. 1947இல் வந்த டையீதைல்கார்பமசின், சுருக்கமாக டிஇசி, ரத்தத்தில் திரியும் குஞ்சுகளை ஒழித்துக் கொசுவுக்குச் சரக்கு கிடைக்காமல் செய்கிறது. 1982இல் காரைக்காலில் அதைச் சமையல் உப்பிலேயே கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு 2004இல் ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கே மாத்திரை கொடுப்பது தொடங்கியது. ‘எனக்குத்தான் நோயே இல்லையே, நான் எதற்கு விழுங்க வேண்டும்?’ என்ற கேள்வி எல்லா ஊரிலும் உண்டு. காலில் வீக்கமே இல்லாதவரின் ரத்தத்திலும் குஞ்சுகள் இருக்கலாம். கொசு எடுத்துப் பரப்புவது அவரிடமிருந்தும்தான். கேரளத்தில் இப்போது வெளிமாநிலத் தொழிலாளர் தங்கும் இடங்களுக்கு இரவில் போய் விரல்நுனி ரத்தம் எடுப்பதும் இதற்காகவே.

ஐயங்கார் பெயரைத் தாங்கிய புழு ஒன்றும் உண்டு. கொசுப்புழுவின் உடலுக்குள் புகுந்து வளர்ந்து, அதைக் கிழித்துக்கொண்டு வெளிவரும் ஒட்டுண்ணி: ரோமனோமெர்மிஸ் ஐயங்காரி, 1964இல் வைத்த பெயர். மனிதனைத் தின்னும் புழுவைச் சுமக்கும் கொசுவைத் தின்னும் புழு. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டு நெல்வயல்களில் விட்டுப் பரிசோதிக்கும் அளவுக்கு அது பயணம் போயிருக்கிறது.

புழு செத்துவிட்டாலும் வீங்கிய கால் பழையபடி வடிந்துவிடுவதில்லை. நிணநீர் நாளங்கள் கெட்டுப்போய்விட்டதால் நீர் கட்டிக்கொண்டே இருக்கும், விரலிடுக்கில் சின்ன வெடிப்பு இருந்தாலும் கிருமி புகுந்து குளிரும் காய்ச்சலுமாகப் படுக்கவைக்கும். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கால் இன்னும் கொஞ்சம் தடிக்கும். காசர்கோட்டில் உள்ள பயன்பாட்டுத் தோலியல் நிறுவனம், ஆயுர்வேதத்தையும் யோகப் பயிற்சியையும் நவீன மருத்துவத்தோடு சேர்த்து இந்தக் கால்களைக் கவனித்துவருகிறது. சிகிச்சையின் அஸ்திவாரம் வீட்டிலேயே செய்யக்கூடியது: தினமும் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரம் போகத் துடைத்து, கட்டுத்துணியைக் கீழிருந்து மேலாகச் சுற்றி, உட்காரும்போது காலை உயர்த்தி வைத்துக்கொள்வது.