அச்சம் நான்கு வகை: திகிற்படங்கள் நம்மை அஞ்ச வைப்பது எவ்வாறு?

மிகப் பயங்கரமான திகிற்படம் எது? இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளைகளில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளுள் இதுவும் ஒன்று. ஏதாவது ஒரு படத்தின் பெயரைச் சொல்லித் தப்பிவிடலாம். ஆனால், ஒருவரை உறைய வைத்த படம் அவருக்குப் பக்கத்து ஆசனத்தில் இருப்பவருக்குச் சிரிப்பு மூட்டுவதையும் நாம் கண்டிருக்கிறோம். ஆகவே, ஒரு படம் எதனால் அச்சுறுத்துகிறது என்று ஆராய்ந்து, அதன் பின்னர் கேள்விக்கு விடை தேடுவதே முறையாகும். இன்றைய உரையை அவ்வாறே அமைத்துக்கொள்கிறேன்.

இவ்வாராய்ச்சிக்கு வேண்டிய கருவி ஒன்று நம்மிடமே உண்டு. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்துரைக்கிறது. அவற்றுள் அச்சமும் ஒன்று. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கினின்றும் அச்சம் பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர். அணங்கு என்பது வருத்தும் தெய்வமும் பேயும் போன்ற சக்திகள். விலங்கும் கள்வரும் நமக்குத் தெரிந்தவையே. தம் இறை என்பது தம்மை ஆள்பவர். இச்சொல்லை அரசன் என்ற அளவில் நிறுத்தாது, தந்தை, கணவன், வைத்தியர், அதிகாரி என நம்மைக் காக்கும் பொறுப்பும் நம்மேல் அதிகாரமும் ஒருங்கே உடைய எவருக்கும் பொருந்துமாறு விரித்து நோக்குகிறேன்.

அச்சத்தோடு அடிக்கடி குழப்பப்படும் வேறோர் உணர்வும் அதே பட்டியலில் தனியாக நிற்கிறது. அது இளிவரல். அருவருப்பு என்று இன்று நாம் கூறுவது அதனைச் சார்ந்ததே. இரத்தமும் தசையும் திரையை நிறைக்கும்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அஞ்சும்போதோ கண்களைக் கைகளால் மூடி, விரல் இடுக்கினூடே பார்க்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. ஆங்கில நாவலாசிரியை ஆன் ராட்கிளிஃப், அவர் மறைந்தபின் 1826 ஆம் ஆண்டு வெளியான கட்டுரை ஒன்றில், இத்தகைய ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வரையறுத்தார். தெளிவின்மையிற் பிறக்கும் அச்சம் மனத்தை விரித்து விழிப்படையச் செய்கிறது என்றும், கண்முன் நிற்கும் கோரம் மனத்தைச் சுருக்கி மரத்துப்போகச் செய்கிறது என்றும் அவர் கருதினார். சினிமா பிறப்பதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட கருத்து இது.

இதனைச் சினிமாவில் நன்கு செயற்படுத்திக் காட்டியவர்களுள் ஒருவர் தயாரிப்பாளர் வால் லூட்டன். ஹொலிவூட்டின் ஆர்.கே.ஓ. நிறுவனம் சிறு செலவில் திகிற்படங்கள் எடுக்கும் பணியை அவரிடம் ஒப்படைத்தது. ஜாக் டூர்னரின் நெறியாள்கையில் 1942 இல் வெளிவந்த 'கட் பீப்பிள்' அவற்றுள் முதலாவது. ஓர் இளம்பெண் இரவில் பூங்கா மதிலோரம் தனியே நடந்து செல்கிறாள். அவளது காலணி ஓசைக்குப் பின்னால் இன்னொரு காலணி ஓசை கேட்கிறது. திடீரென அந்த இரண்டாவது ஓசை நின்றுவிடுகிறது. பின்தொடர்ந்தவள் இப்போது எங்கே? என்ன உருவில்? அவள் விரைகிறாள். சீறலொன்று திரையை அறைகிறது. வந்து நின்றது ஒரு பஸ் வண்டி! வேங்கையோ சிறுத்தையோ அந்தக் காட்சியில் இல்லை. ஆயினும், படம் பார்த்தவர் மனத்தில் அது பாய்ந்தே தீரும்.

றொபர்ட் வைஸ் லூட்டனிடம் பயின்றவர். ஷேர்லி ஜாக்சனின் 1959 ஆம் ஆண்டு நாவலைத் தழுவி அவர் 1963 இல் 'த ஹோண்டிங்' படத்தை எடுத்தார். பேய்வீடு பற்றிய அப்படத்தில் பேயின் உருவம் ஒரு தடவையேனும் காட்டப்படுவதில்லை. கதவுகள் இடிபடுகின்றன. மரக்கதவு மூச்சு விடுவதுபோல் உள்நோக்கிப் புடைக்கிறது. இருளில் அஞ்சிப் படுத்திருக்கும் பெண் தன் தோழியின் கையை இறுகப் பற்றிக்கொள்கிறாள். வெளிச்சம் வந்ததும் தோழி அறையின் மறுபக்கத்தில் இருப்பது தெரிகிறது. அவ்வளவு நேரமும் பற்றியிருந்தது யாருடைய கை? படம் விடை கூறுவதில்லை.

மறைத்தல் ஒரு வழி என்றால், முன்கூட்டியே அறிவித்தல் இன்னொரு வழி. பிரெஞ்சு நெறியாளர் ட்ரூஃபோவுடன் நிகழ்த்திய உரையாடலில் அல்ஃபிரட் ஹிட்ச்கொக் இதனை ஓர் உதாரணத்தால் விளக்கினார். இருவர் பேசிக்கொண்டிருக்கும் மேசையின் கீழ் இருந்த குண்டு சடுதியாக வெடித்தால், பார்ப்போருக்குக் கிடைப்பது சில விநாடித் திடுக்கீடு. குண்டு இருப்பதைப் பார்வையாளருக்கு முன்னரே காட்டி, பேசுவோர் அதனை அறியாது பேசிக்கொண்டேயிருந்தால், அவர்களின் அற்பப் பேச்சு முழுவதும் பார்ப்போருக்கு வேதனையாகிவிடும். திடுக்கிட வைத்தல் எளிது. காத்திருக்க வைத்தலே கலை.

வானொலி நேயர்களுக்குச் செவியின் வல்லமையை நான் சொல்லித் தரவேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொள்ளலாம், காதை அவ்வாறு மூட முடியாது. ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ' 1960 இல் வெளிவந்தது. அதன் குளியலறைக் கொலைக் காட்சி ஏறத்தாழ முக்கால் நிமிடமே நீள்வது. அதனைப் படமாக்க ஏழு நாள்கள் சென்றன. அக்காட்சிக்கு இசை வேண்டாம் என்றே நெறியாளர் முதலில் எண்ணியிருந்தார். இசையமைப்பாளர் பேர்னாட் ஹேர்மன் தந்தி வாத்தியங்களை மட்டுமே கொண்டு அமைத்த கீச்சொலியைக் கேட்டபின் மனம் மாறினார். இன்று அந்த ஒலியை நீக்கிவிட்டு அக்காட்சியைப் பார்ப்பவர், அச்சத்திற் பெரும்பங்கு காதின் வழியே வந்தது என்பதை உணர்வார்.

மறைப்பு, காத்திருப்பு, ஒலி ஆகிய மூன்றும் படமாளிகையில் நம்மை அஞ்ச வைக்கப் போதுமானவை. ஆனால், படமாளிகையில் அஞ்சுவது வேறு. வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டியபின் அஞ்சுவது வேறு. சில படங்கள் மட்டும் நம்முடன் வீடுவரை வருவது ஏன்? இங்கேதான் தொல்காப்பியர் கூறும் நான்காவது காரணம் கைகொடுக்கிறது. அணங்கையும் விலங்கையும் கள்வரையும் பற்றிய சிறந்த படங்கள் பலவற்றின் பின்னணியில் 'தம் இறை' நிற்பதை நான் காண்கிறேன்.

விலங்கு பற்றிய படத்தையே எடுத்துக்கொள்வோம். ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் 'ஜோஸ்' 1975 இல் வெளிவந்தது. படத்துக்கெனச் செய்த இயந்திரச் சுறா கடல்நீரிற் சரிவர இயங்க மறுத்ததனால், சுறாவைக் காட்டாமலே பெரும்பகுதியை எடுக்கவேண்டியதாயிற்று. ஜோன் வில்லியம்ஸின் இரு சுர இசையே சுறாவின் இடத்தை நிரப்பியது. இது பலரும் அறிந்த செய்தி. ஆனால், சுறா உலவுவதை அறிந்தும், கோடைகால வருமானம் போய்விடுமே என்று கடற்கரையை மூட மறுக்கிறாரே அந்த ஊரின் நகரபிதா, அவரல்லவா மேலும் அச்சத்துக்குரியவர்? சுறா பசிக்காக உண்கிறது. நகரபிதாவோ மக்களைக் காக்கவெனத் தெரிவுசெய்யப்பட்டவர்.

கள்வர் என்ற வகையில் 'சைக்கோ'வை மீண்டும் நோக்கலாம். கொலையாளி முகமூடி அணிந்து வந்தவனல்லன். மழையில் நனைந்து வந்தவளுக்கு உணவளித்து உபசரித்த விடுதிக்காரன். அவனையும் உள்ளிருந்து ஆட்டிவைப்பது அவனது தாயின் குரல். அணங்கைப் பொறுத்தவரை, வில்லியம் ஃபிரிட்கினின் 'த எக்ஸோர்சிஸ்ட்' 1973 இல் வெளிவந்தது. அதிற் பேய் பிடித்த சிறுமியின் தலை சுழல்வதைப் பலரும் நினைவுகூர்வர். என்னை வருத்துவதோ, வைத்தியர்கள் ஒருவர்பின் ஒருவராக அக்குழந்தையைச் சோதித்து, ஈற்றிற் செய்வதறியாது தாயின் முகத்தைப் பார்க்கும் காட்சிகளே. நாடிச்சென்ற புகலிடம் ஒவ்வொன்றாக மூடப்படுகிறது.

நான்காம் அச்சம் வேறு வேடமின்றி முன்னே வந்து நிற்கும் படங்களும் உண்டு. திகிற்படத்தின் முன்னோடிகளுள் ஒன்றான ஜேர்மனியின் 'டாக்டர் கலிகாரி' 1920 இல் வெளிவந்தது. அதில், துயிலில் நடப்பவனை ஏவிக் கொலை செய்விப்பவர் மனநோய் மருத்துவமனையின் தலைவராகத் தோன்றுகிறார். ஸ்டான்லி குப்றிக்கின் 'த ஷைனிங்' 1980 இல் வந்தது. பனிமூடிய ஹோட்டலிற் கோடரி ஏந்தித் துரத்துபவன் சொந்தத் தந்தை. அவன் ஓர் எழுத்தாளன். அவன் பல வாரங்களாகத் தட்டச்சுச் செய்த தாள்களை மனைவி எடுத்துப் பார்க்கிறாள். தாளுக்குத் தாள், ஒரே வாக்கியம் மட்டும். கோடரி வரும் முன்பே, ஒரு கட்டுக் காகிதத்திலிருந்து அச்சம் எழுந்துவிடுகிறது. எழுத்தோடு உறவுடைய நமக்கு இதைவிடக் கொடிய காட்சி எது?

அண்மைக்கால உதாரணம் ஜோர்டான் பீலின் 'கெட் அவுட்'. இது 2017 இல் வெளிவந்தது. வெள்ளையினக் காதலியின் பெற்றோர் இல்லத்தில் உபசரிப்பின் பெயரால் சிறைப்படும் ஒரு கறுப்பின இளைஞனின் கதை. தேநீர்க் கோப்பையிற் கரண்டி சுழலும் மெல்லொலியே அங்கு அவனைக் கட்டிப்போடும் ஆயுதம். இறுதியில் அவன் தப்பி வீதிக்கு வருகையில், பொலிஸ் வாகனத்தைப் போன்ற ஒளி மின்னியபடி ஒரு வண்டி வந்து நிற்கிறது. மற்றைய படங்களிற் காப்பு வந்துவிட்டது என்று நாம் பெருமூச்சு விடும் கட்டம் இது. இங்கோ நெஞ்சு பதறுகிறது. வந்தவன் நண்பனே என்று தெரியும்வரை அந்தப் பதற்றம் தணிவதில்லை. இரவில் வாசலில் வாகனம் வந்து நிற்கும் ஓசைக்குச் செவிகொடுத்தபடி விழித்திருந்த ஆண்டுகளை எங்கள் நாட்டிற் கண்டவர்களுக்கு, இக்காட்சியை நான் மேலும் விளக்கவேண்டியதில்லை.

இனி, தொடக்கத்துக் கேள்விக்கு என் விடையைச் சொல்லலாம். அது ரோமன் பொலான்ஸ்கியின் 'ரோஸ்மரீஸ் பேபி'. ஐரா லெவினின் நாவலைத் தழுவி 1968 இல் வெளிவந்தது. கருவுற்ற இளம்பெண்ணைச் சூழ்ந்திருப்போர் யாவரும் அவள்மீது அன்பு காட்டுகிறார்கள். அயல்வீட்டு முதியவர்கள் சத்துப் பானம் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பெயர்பெற்ற வைத்தியர் பரிசோதிக்கிறார். கணவன் அருகிலேயே இருக்கிறான். எல்லோரும் சேர்ந்தே அவளைச் சாத்தானுக்கு விற்றுவிட்டார்கள். உண்மையை உணர்ந்து அவள் வேறொரு வைத்தியரிடம் ஓடிச் சொல்கிறாள். அவரும் அவளை மனம் பேதலித்தவள் எனக் கருதிக் கணவனிடமே ஒப்படைக்கிறார். படம் நெடுகிலும் இரத்தம் மிகக் குறைவு. இறுதியிற் பிறந்த குழந்தையின் முகத்தை அவள் பார்க்கிறாள். நமக்கு அது காட்டப்படுவதில்லை. அஞ்சத்தக்க முகங்களைப் படம் முழுவதும் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். அவை யாவும் புன்னகை பூத்த முகங்கள்.

நேயர்களே, அடுத்த தடவை ஒரு திகிற்படம் பார்க்கும்போது பேய் எப்போது வரும் என்று மட்டும் காத்திராதீர்கள். இந்தப் பெண்ணை, இந்தக் குழந்தையைக் காக்கவேண்டியவர் யார், அவர் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார் என்றும் கேட்டுப் பாருங்கள். நல்ல படமாயின், அந்தக் கேள்வி படம் முடிந்த பின்னரும் உங்களை விடாது.