புல்முடியும் காகிதத் துணுக்கும்

செலண்டாருக்குக் கிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் லேடாங் மலை நிற்கிறது. அதன் உயரம் 1,276 மீட்டர். சிகரம் ஜொகூர் மாநிலத்தில் உள்ளது. மேற்கே அடிவாரத்து ஆசாஹான் பகுதி மலாக்காவைச் சேர்ந்தது. இத்தகைய மலைகளிலும் காடுகளிலும் நெடுந்தொலைவு ஓடும் போட்டிகள் இப்போது மலேசியாவில் பெருகியுள்ளன. ஓடுவோரில் மிகப் பலர் பரிசை நாடும் தொழில்முறையாளர் அல்லர். வாரம் முழுதும் வேறு பணி பார்த்து, ஓய்வுநாளில் ஓட வருபவர்கள். இளைஞர் ‘டிரெயில் ரன்’ என்று வழங்குவதை நாம் மலைத்தட ஓட்டம் எனலாம். தடம் என்பது வழியையும் குறிக்கும்; அவ்வழியிற் பதிந்த காலடியையும் குறிக்கும். இவ்விளையாட்டுக்கு இரு பொருளும் வேண்டும்.

சாலையில் ஓடிப் பழகியவர் மலைக்கு வந்ததும் முதலில் மறக்க வேண்டியது கிலோமீட்டர்க் கணக்கை. 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்கு வகுத்தார். நடப்பவருக்கு 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதன்மேல், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னுமொரு மணி. ஆகவே 1,200 மீட்டர் ஏற்றமுள்ள 10 கிலோமீட்டர் வழிக்கு நான்கு மணி நேரமாகும். இக்காலப் போட்டியாளர்கள் 100 மீட்டர் ஏற்றத்தை ஒரு கிலோமீட்டராகக் கூட்டிக்கொள்கிறார்கள். நூற்றாண்டு கடந்தும் இரு கணக்கும் பெரிதும் விலகவில்லை. செங்குத்தான ஏற்றத்தில் நடப்பது இழுக்கன்று; ஓடுவதைவிட நடப்பதே அங்கே வலிமையைச் சேமிக்கும். ஏற்றத்தை அஞ்சுவோர் பலர், இறக்கத்தை எளிதென்று எண்ணுகிறார்கள். இறங்கும்போது தொடைத்தசை உடலின் பாரத்தைத் தாங்கியபடியே நீள்கிறது. அதனால் தசையிழைகளில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் படிக்கட்டில் இறங்க முடியாமற் செய்வது அதுதான்.

ஆனால் முதன்முறை மலைக்குச் செல்பவரைத் துன்புறுத்துவது பெரும்பாலும் உடல் தளர்ச்சி மட்டுமன்று; வழியை அறியாமையே. இந்த அறியாமையை முன்வைத்துப் பாடப்பெற்ற நூலொன்று நம்மிடம் உண்டு. பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம், 583 அடிகளில், நன்னனிடம் பரிசில் பெற விரும்பும் கூத்தரை மலைவழியே ஆற்றுப்படுத்துகிறது. பெருங்கௌசிகனார் அதை மன்னனின் புகழாக மட்டும் பாடவில்லை. முன்னே சென்று வந்தவன் ஒருவன், இனிச் செல்லப்போகும் புதியவருக்கு வழியின் இடர்களை ஒவ்வொன்றாகச் சொல்வதே அப்பாட்டின் கட்டமைப்பு. நாம் வகுப்பில் இசைக்கருவிகளின் பட்டியலையும் அருவியோசை முதலான மலையொலிகளையும் விரித்துரைத்து, இப்பகுதியை விரைந்து கடந்து விடுகிறோம். இது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது.

கூத்தர் வெறுங்கையராய்ச் செல்லவில்லை. முழவும் குழலும் யாழும் சுமந்து, பெண்டிரோடு செல்கிறார்கள். கல்லில் தேய்ந்த விறலியரின் அடிகளுக்குப் புலவர் காட்டும் உவமை, இளைத்த நாயின் நாக்கு. நெடுந்தொலைவு ஓடி முடித்துக் காலணியைக் கழற்றியவருக்கு அவ்வுவமையின் நுட்பம் உடனே விளங்கும். பாசி மூடிய வழுக்குநிலத்தில் வழியோரத்து மூங்கிற்கோலையும் எருவைக்கோலையும் பற்றிக்கொண்டு செல்லுங்கள் என்கிறான் வழிசொல்பவன். பாம்பு ஒடுங்கியிருக்கும் குழிகளைக் குறித்துக்கொண்டு, சற்றே விலகிப் போகச் சொல்கிறான். தினைப்புனக் காவலர் கவணெறியும் இடத்தில் மரத்தின் மறைவில் ஒதுங்கவும், பொழுது சாய்ந்தால் குகையில் தங்கவும் சொல்கிறான். நம் நாட்டு மலைக்கு அட்டையையும் சேர்க்க வேண்டும். 1854இல் மலாக்காவிலிருந்து ஆயர் பானாஸ் வழியாக லேடாங் மலைக்குச் சென்ற இயற்கையறிஞர் வாலஸ், சேற்றையும் அட்டைகளையும் மறவாமல் எழுதிவைத்தார்.

அப்பாட்டில் என்னை மிகவும் கவர்ந்தது, பல வழிகள் பிரியும் சந்திக்கு அவன் கூறும் அறிவுரை. சந்தியைத் துடைத்துத் தெளிவாக்கிப் புல்லை முடிந்து வையுங்கள் என்கிறான். முன்பின் அறியாத புதியவர் அந்த முடியைக் கண்டு சரியான வழியைத் தெரிந்துகொள்வர். இன்று போட்டி நடத்துவோர் மரக்கிளைகளில் வண்ண நாடா கட்டுவதும் இதற்கே. ஓடுவோர் நாடாவைத் தேடியே ஓடுகிறார்கள். நெடுநேரமாக ஒன்றும் தென்படவில்லையென்றால், கடைசியாகக் கண்ட நாடாவுக்குத் திரும்புவதே முறை.

மலாயாவின் தோட்டங்களில் புல்முடியின் இடத்தைக் காகிதத் துணுக்கு பெற்றது. 1938 டிசம்பரில் கோலாலம்பூரில் ஆங்கிலேயர் சிலர் ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ் என்ற குழுவைத் தொடங்கினர். அவர்களுள் முதன்மையானவர் கணக்காய்வாளர் கிஸ்பர்ட். மலாக்காவில் பணியாற்றியபோதே அவர் ஸ்பிரிங்கிட் ஹாரியர்ஸ் என்ற குழுவோடு ஓடிப் பழகியவர். ‘முயல்’ எனப்படும் ஒருவர் காகிதத்தைச் சிதறியபடி முன்னே ஓடுவார். ஏனையோர் அதைப் பின்தொடர்வர். இடையிடையே பொய்த்தடங்களும் உண்டு. வேகமாக ஓடுபவர் பொய்த்தடத்தில் சென்று திரும்புவதற்குள், மெல்ல வருபவர் வந்து சேர்ந்து விடுவார். வல்லவரையும் மெலிந்தவரையும் ஒன்றாக வைக்கும் இவ்வுத்தியை நான் மிகவும் மதிக்கிறேன். கிஸ்பர்ட் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர்ப் போரில் மாண்டார். 1946இல் குழு மீண்டும் ஓடத் தொடங்கியது. இன்று உலகின் பல நாடுகளில் அதன் கிளைகள் உள்ளன. அவ்வரலாற்றை எழுதுவோர் ஓடியவர்களின் பெயர்களைக் குறிக்கிறார்கள். அவர்கள் ஓடிய ரப்பர்க் காட்டு ஒற்றையடிப் பாதைகள், விடியுமுன் பால்வாளியோடு மேட்டிலும் பள்ளத்திலும் நிரை பிடித்து நடந்த தொழிலாளரின் காலடியில் உருவானவை. அவர்களுள் பெரும்பாலோர் தமிழர் என்பதையும் எழுதலாம்.

குறியைத் தவறவிட்டால் என்ன செய்வது? அதற்கும் மலைபடுகடாம் விடை வைத்திருக்கிறது. உங்கள் இசைக்கருவிகளை ஒலியுங்கள்; நீரில் மூழ்குவோரின் கூக்குரல் கேட்டவர் போலக் கானவர் விரைந்து வந்து, பழம் தந்து, வழி காட்டிச் செல்வர் என்கிறது. 2021 மே 22 அன்று சீனத்தின் கான்சு மாநிலத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலையோட்டத்தில் திடீரென ஆலங்கட்டி மழையும் கடுங்காற்றும் சூழ்ந்தன. புறப்பட்ட 172 பேரில் 21 பேர் குளிரில் மாண்டனர். காற்றைத் தடுக்கும் மேலங்கியை உடன் கொண்டுசெல்வது அப்போட்டியில் கட்டாயமாக்கப்படவில்லை. அறுவர் உயிர் பிழைத்தது, ஆட்டிடையர் ஒருவர் அவர்களைத் தம் குகைக்கு அழைத்துச் சென்று நெருப்பு மூட்டியதால்.

மலைத்தட ஓட்டங்கள் பலவற்றில் ஓடுவோர் ஊதல் ஒன்றை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இடர்ப்பட்டவர் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் ஓய்ந்து, மீண்டும் ஊத வேண்டும். கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று முறை ஊதி விடை தருவார்.