மெதுவான கம்ப்யூட்டருக்குப் பென் டிரைவ் கைகொடுக்குமா?



மிளகு, காப்பிக்கொட்டை, பலா, அன்னாசி என்று கொல்லிமலைச் சரக்கைக் கீழே அனுப்பும் நமக்கு, 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு கம்ப்யூட்டரும் தராசைப் போல் அவசியமாகிவிட்டது. மாதந்தோறும் கணக்குக் கொடுப்பவர்கள் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரமும், 20-ஆம் தேதிக்குள் வரிக் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம். அந்த நேரம் பார்த்துப் பழைய கம்ப்யூட்டர் நத்தையாக ஊர்ந்தால், அதைத் தூக்கிக்கொண்டு 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி நாமக்கல் போகவேண்டியதுதான். ஒரு நாள் வியாபாரம் போச்சு.

"ஒரு பென் டிரைவைச் செருகுங்கள், வேகம் கூடும்" என்கிறார்கள் சிலர். இதில் உண்மை உண்டு; ஆனால் அளவோடுதான்.

நம் தொழிலை வைத்தே பார்ப்போம். ஹார்டு டிஸ்க் என்பது குடோன். ரேம் என்பது கடையில் கை எட்டும் தூரத்தில் இருக்கும் பலகை. பலகை சின்னதாக இருந்தால் ஒவ்வொரு சாமானுக்கும் குடோனுக்கு ஓட வேண்டும். அதுதான் தாமதம். பென் டிரைவ் என்பது கடையை ஒட்டிய பக்கத்து அறை. அடிக்கடி கேட்கும் சில்லறைச் சாமான்களின் நகலை அங்கே வைத்துக்கொண்டால் ஓட்டம் குறையும். மூட்டை மூட்டையாக எடுக்க என்றால் குடோனே மேல். ஆக, பென் டிரைவ் ரேம் ஆகிவிடாது. ரேமுக்குத் துணை, அவ்வளவே.

இந்த வசதிக்கு 'ரெடிபூஸ்ட்' என்று பெயர். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2007-ல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் இதைச் சேர்த்தது. விண்டோஸ் 7, 8, 10 ஆகியவற்றிலும் உண்டு. பென் டிரைவைச் செருகி, அதன் படத்தின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தி, 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'ரெடிபூஸ்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். வேகம் குறைந்த பென் டிரைவைக் கம்ப்யூட்டரே வேண்டாம் என்று சொல்லிவிடும். நடுவில் பிடுங்கினாலும் கணக்கு அழியாது. அசல் ஹார்டு டிஸ்கில் இருக்கிறது, இங்கிருப்பது நகல். அந்த நகலும் பூட்டிய எழுத்தில் இருப்பதால் பிறர் படிக்க முடியாது.

யாருக்குப் பலன்? 1 ஜி.பி. ரேம் உள்ள பழைய கம்ப்யூட்டரில் வித்தியாசம் தெரியும். 4 ஜி.பி. இருந்தால் பெரிதாகத் தெரியாது. எஸ்.எஸ்.டி. பொருத்திய கம்ப்யூட்டருக்கு இது தேவையே இல்லை. 2022-ல் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து இந்த வசதி எடுக்கப்பட்டும் விட்டது.

அன்பர்கள் இரண்டு விஷயங்களை மனதில் கொள்ள வேண்டும். ஒன்று, இந்த வேலைக்கு வைத்த பென் டிரைவில் கணக்கின் காப்பு நகலை வைக்காதீர்கள். எழுத எழுத அது கொஞ்சங்கொஞ்சமாகத் தேயும். காப்பு நகலுக்கு வேறொன்று வாங்கிப் பெட்டியில் பூட்டி வையுங்கள். இரண்டு, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பாதுகாப்பு இல்லாத கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கைத் திறப்பது, கல்லாவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போவது மாதிரி.

ஆகவே பென் டிரைவை இந்த மாதத்துக் கணக்கை ஒப்பேற்றும் முட்டுக்கட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை சரக்கோடு கீழே இறங்கும்போது, ரேம் கூட்டவும் எஸ்.எஸ்.டி. போடவும் என்ன ஆகும் என்று விசாரித்து வாருங்கள். சுவர் தாங்குமா என்று பார்த்துத்தானே முட்டுக் கொடுக்க வேண்டும்!