ஈஸ்ட்ஹாமில் ஒரு வீடு

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து படியிறங்குகையில், அன்பர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். ரெயில்வேயில் நெடுநாள் உழைத்து, அடுத்த ஆண்டு ஓய்வு பெறப் போகிறவர். அவருடைய மகன் லண்டனில் ஈஸ்ட்ஹாம் பகுதியில் வாடகைக்கு இருக்கிறான். அங்கே வீடு வாங்க முன்பணம் வேண்டுமென்று எழுதியிருந்தான். "ஊர் வீட்டை விற்றுக் கொடுத்துவிடலாமா, தம்பி? கணக்குப் பார்க்கிறவர் நீங்கள், சொல்லுங்கள்" என்றார். இக்கேள்வி இன்று பல இல்லங்களில் எழுவதால், நாம் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

ஈஸ்ட்ஹாம் கிழக்கு லண்டனில் உள்ளது. 1965 முதல் நியூஹாம் நகராட்சியைச் சேர்ந்தது. ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகள். அவற்றுள் பல நூறாண்டு கண்டவை. ஹை ஸ்ட்ரீட் நார்த் தெருவில் தோசையும் கிடைக்கும், முருங்கைக்காயும் கிடைக்கும். அண்டையிலுள்ள மேனர் பார்க்கில் முருகன் கோயில் இருக்கிறது. லண்டனின் மற்றப் பகுதிகளைவிட விலை மலிவாக இருந்ததும் தமிழர் இங்கே குடியேற ஒரு காரணம்.

அந்த மலிவு இன்று இல்லை. 2012-இல் இதே நகராட்சியிலுள்ள ஸ்ட்ராட்போர்டில் ஒலிம்பிக் விழா நடந்தது. 2022-இல் எலிசபெத் ரெயில் பாதை மேனர் பார்க் வழியாகத் திறக்கப்பட்டது. ரெயில் வந்தால் மனை விலை என்னவாகும் என்பதை நம்மவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. இங்கிலாந்து முழுவதிலுமே 1997-இல் ஆண்டு ஊதியத்தைப்போல் சுமார் மூன்றரை மடங்காயிருந்த வீட்டு விலை, 2021-இல் ஏறக்குறைய ஒன்பது மடங்காயிற்று. அதன்பின் வட்டியும் ஏறியது: 2021-இல் 0.1 சதவீதமாயிருந்த பாங்க் ஆப் இங்கிலாந்தின் வட்டி 2023 ஆகஸ்டில் 5.25 சதவீதத்தை எட்டியது. பிறகு சிறிது இறங்கினாலும், பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

கணக்கைப் பார்ப்போம். வீட்டின் விலை 4,00,000 பவுன் என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு பங்கு, அதாவது 40,000 பவுன், முன்பணம். மீதி 3,60,000 கடன். வங்கிகள் பெரும்பாலும் ஆண்டு வருமானத்தின் நாலரை மடங்குக்குமேல் தருவதில்லை. ஆகவே, கணவனும் மனைவியும் சேர்ந்து ஆண்டுக்கு 80,000 பவுன் ஈட்ட வேண்டும்.

இதற்குமேல் முத்திரை வரி உண்டு. 2025 ஏப்ரல் முதல் உள்ள விதிப்படி, இவ்விலைக்கு முதன்முறை வீடு வாங்குவோர் 5,000 பவுனும், மற்றவர் 10,000 பவுனும் கட்ட வேண்டும். 'முதன்முறை' என்பதன் பொருள், உலகில் எங்குமே வீடோ வீட்டில் பங்கோ பெற்றிராதவர் என்பதே. நம் அன்பர், "விற்காவிட்டால் ஊர் வீட்டை அவன் பெயருக்கு எழுதிவிடுகிறேன்" என்றார். அப்படி எழுதினால் மகன் இச்சலுகையை இழப்பான். வேறு வீடு உள்ளவர் என்று கூடுதல் வரியும் விழக்கூடும்.

இன்னொன்று முக்கியமானது. தந்தை தரும் பணம் கடனன்று, கொடை. திரும்பக் கேட்கமாட்டேன், வீட்டில் எனக்கு உரிமையில்லை என்று எழுதித் தரும்படி அங்குள்ள வங்கிகள் கேட்கும். இதைப் படித்துக் காட்டியபோது அன்பர் நெடுநேரம் பேசவில்லை. ஓய்வு பெற்றபின் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அப்போது அவருக்கும் அம்மாளுக்கும் உள்ள ஒரே கூரை அந்த ஊர் வீடுதான்.

வாடகைக்கு இருப்பது இழுக்கன்று. அங்கே 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சாதாரணமாக ஐந்து வார வாடகைக்குமேல் முன்பணம் வாங்கலாகாது; பெங்களூரில் பத்து மாத வாடகை கொடுத்தவர்க்கு இதன் அருமை தெரியும். காரணம் கூறாமல் காலி செய்யச் சொல்லும் முறையை நீக்கவும் 2025-இல் சட்டம் நிறைவேறியது.

"சேமநிதியில் இழந்தாலும் தாங்கக்கூடிய ஒரு பகுதியைக் கொடுங்கள்; கூரையைக் கொடுக்காதீர்கள்" என்று சொன்னோம். மகனுக்கு அவ்வண்ணமே எழுதினார். நான்காம் நாள் பதில் வந்தது: "அப்பா, வீட்டை விற்க வேண்டாம். இன்னும் இரண்டு வருஷம் சேர்த்துக்கொள்கிறேன்."

பிள்ளைகள் கேட்பது தவறன்று. பெற்றோர் கணக்குப் பார்த்துப் பதில் சொல்வதும் தவறன்று.