கண் நலம் – 17: குறைவது நீரா, எண்ணெயா?

கருவிழியின் மேல் பரவியிருக்கும் கண்ணீர்ப் படலம் நிலைகுலைவதே உலர்கண் நோய். அந்தப் படலத்துக்கு நீரைத் தருவது கண்ணீர்ச் சுரப்பி. நீர் ஆவியாகாமல் காக்கும் எண்ணெயைத் தருபவை இமை விளிம்பிலுள்ள மைபோமியன் சுரப்பிகள். நீர் குறைந்தாலும் கண் உலரும். எண்ணெய் குறைந்தாலும் உலரும். எது குறைந்தது என்று தெரியாமல் சிகிச்சை சரியாக அமையாது.

காரைக்காலுக்கும் நாகூருக்கும் இடையிலுள்ள போலகம் போன்ற கடலோர ஊர்களில் ஆனி, ஆடி மாதங்களின் வறண்ட மேல்காற்று கண்ணீரை வேகமாக ஆவியாக்கும். அந்தக் காற்றில் கண்ணாடி அணியாமல் இருசக்கர வண்டி ஓட்டுவோருக்கும், நெல் தூற்றுவோருக்கும், நாள் முழுக்க ஏசி அறையில் கணினி பார்ப்போருக்கும் தொல்லை கூடும். நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கும் கண், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. முதுமை, மாதவிடாய் நிற்றல், நீரிழிவு, ஒவ்வாமை மாத்திரைகள் ஆகியவையும் காரணங்களே.

மண் விழுந்தது போன்ற உறுத்தல், எரிச்சல், இமைத்தால் தெளியும் மங்கல் ஆகியவை அறிகுறிகள். உறுத்தல் தாளாமல் சிலருக்குக் கண்ணீர் வழியவும் செய்யும். அதனாலேயே பலர் தங்களுக்கு உலர்கண் இருப்பதை நம்ப மறுக்கிறார்கள்.

பரிசோதனையில் மருத்துவர் முதலில் ஃப்ளோரசின் சாயத்தைக் கண்ணில் தொட்டு வைப்பார். நீல வெளிச்சத்தில் படலம் பச்சையாக ஒளிரும். நோயாளி இமைக்காமல் இருக்க, அந்தப் பச்சையில் கரும்புள்ளி தோன்றும் நேரம் கணக்கிடப்படும். 10 விநாடிக்குள் தோன்றினால் படலம் நிலையற்றது. அடுத்தது, ஜெர்மானியர் ஓட்டோ ஷிர்மர் 1903இல் வகுத்த சோதனை. கீழிமையில் செருகிய வடிதாள் 5 நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பார்கள். மரத்துப்போகும் மருந்து விடாத நிலையில் 5 அல்லது அதற்கும் குறைவு என்றால் நீர்ச் சுரப்பு வெகுவாகக் குன்றியிருக்கிறது. கடைசியாக, இமை விளிம்பை மெல்ல அழுத்துவார். நல்ல சுரப்பியிலிருந்து தெளிந்த எண்ணெய் கசியும்; அடைபட்டதிலிருந்து பற்பசைபோல் கெட்டியாக வரும்.

எண்ணெய்க் குறைக்கு, பொறுக்கும் சூட்டில் வெந்நீர்த் துணியை மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம் ஒற்றி, பிறகு இமையை நீவி விளிம்பைத் துடைக்க வேண்டும். இதைத் தினமும் விடாமல் செய்தால்தான் பலன் உண்டு. நீர்க் குறைக்குக் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் போன்ற செயற்கைக் கண்ணீர் தரப்படும். நாளுக்கு நான்கு முறைக்கு மேல் விடுவோருக்குப் பதனப்பொருள் கலக்காத சொட்டு ஏற்றது. அழற்சி நீடித்தால் சைக்ளோஸ்போரின் சொட்டு உதவும். பலன் தெரியச் சில வாரங்கள், மாதங்கள்கூட ஆகலாம். அதற்கும் அடங்காவிட்டால் கண்ணீர் வடியும் துளையைச் சிறு அடைப்பான் கொண்டு மூடுவார்கள்.

வாய் வறட்சியும் மூட்டுவலியும் சேர்ந்திருந்தால் ஷோக்ரன் நோய்க்கு ரத்தப் பரிசோதனை தேவை. குழந்தையின் கண் உலர்ந்து மாலைக்கண்ணும் இருந்தால் அது வைட்டமின் ஏ குறைபாடாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் போன்றவற்றைக் கண்ணில் விடுவது கிருமித் தொற்றுக்கு வழி திறக்கும். மருந்துக்கடையில் தாமாக வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு சிவப்பைச் சட்டென்று குறைக்கும். ஆனால் தொடர்ந்து விட்டால் கண் அழுத்தமும் கண்புரையும் வரக்கூடும். கடும் வலி, வெளிச்சம் பார்க்கக் கூசுதல், பார்வை குறைதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

(தொடரும்)