வானொளியும் அளவை நெறியும்

கரிசல் நிலத்தில் வானம் பெரிது. பருத்தி எடுத்து முடிந்த பின் ஓர் இரவு கோவில்பட்டியை விட்டு இரண்டு கல் தொலைவு நடந்தால், மறைப்பின்றி வானம் நாற்புறமும் தரையைத் தொட்டு நிற்கக் காணலாம். அவ்வெளியில் இனம் தெரியாத ஒளியைக் கண்டதாகச் சொல்வோர் எக்காலத்தும் உண்டு. முன்னோர் அதனைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்றனர். இன்றைய மாணவர் பறக்கும் தட்டு என்கின்றனர். அத்தகைய ஒளிகள் வேற்றுலகத்தாரின் ஊர்திகள்தாமா என்பதைச் சான்று கொண்டு எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரின் பிறப்பு

1947 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் ரெய்னியர் மலையருகே விமானம் ஓட்டிச் சென்ற கென்னத் ஆர்னால்டு, ஒன்பது பொருள்கள் விரைந்து செல்லக் கண்டதாகக் கூறினார். நீர்மேல் வீசிய தட்டுத் தத்திச் செல்வதுபோல் அவை சென்றன என்று அவர் உவமித்தார். இயக்கத்துக்குச் சொன்ன உவமையைச் செய்தித்தாள்கள் வடிவத்துக்கு ஏற்றிவிட்டன. அது முதல் 1969 வரை அமெரிக்க வான்படை தொகுத்த 12,618 செய்திகளுள் மிகப் பெரும்பாலானவை கோள், விண்மீன், பலூன், விமானம் என்றவாறு இனங்காணப்பட்டன. 701 மட்டும் விளங்காமல் எஞ்சின. அவற்றை எவ்வாறு கொள்வது என்பதே வினா.

சாத்தனார் காட்டும் நெறி

இதற்கு விடை காண நம் இலக்கியமே துணை நிற்கிறது. மணிமேகலையின் ‘சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை’ அளவைகளைக் கூறுவதோடு, அறிவு பிழைபடும் வழிகளையும் வகுத்துரைக்கிறது. அவற்றுள் மூன்று ஈண்டுக் கருதத் தக்கன. மின்னும் சிப்பியை வெள்ளி என்று எண்ணுவது திரியக்கோடல். தூரத்தே நிற்பது தறியோ மனிதனோ என மயங்குவது ஐயம். ஆராயாமலே அத்தறியை மனிதன் என்று துணிவது தேராது தெளிதல்.

எஞ்சிய 701 செய்திகளும் ஐயத்தின்பாற் பட்டவை. ‘இன்னதென்று தெரியவில்லை’ என்பதிலிருந்து ‘வேற்றுலகினின்று வந்தது’ என முடிவு கட்டுவது தேராது தெளிதலாம்.

லடாக் தரும் பாடம்

2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை, லடாக்கின் பாங்காங் ஏரிப் பகுதியில் நம் படைவீரர்கள் ஒளிப்பொருள்களை 329 முறை கண்டு குறித்தனர். சீனாவின் ஆளில்லா உளவு விமானங்களோ என்னும் ஐயம் எழுந்தது. கோடைக்கானலிலும் காவலூரிலும் ஆய்வகங்கள் கொண்ட இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் உதவி நாடப்பட்டது. ஒளி தோன்றிய நேரம், திசை, உயரம் ஆகியவற்றைக் கோள்களின் நிலையோடு அறிவியலாளர் ஒப்பிட்டனர். மாலையில் தோன்றியது வியாழன். விடியலுக்கு முன் தோன்றியது வெள்ளி.

சிப்பியை வெள்ளியாகக் கொண்ட மயக்கம் சாத்தனார் காட்டியது. வெள்ளியையே விமானமாகக் கொண்ட மயக்கம் லடாக்கில் நேர்ந்தது. ஆராயாமல் துணிந்திருப்பின், ஒரு கோளின் பொருட்டு எல்லையில் குருதி சிந்தவும் நேர்ந்திருக்கலாம்.

வீரர்கள் பொய்யுரைக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது. ஒப்பிட்டு நோக்க மரமோ கோபுரமோ இல்லாத இருளில், அசையாத ஒளியும் அசைவதாகவே கண்ணுக்குத் தோன்றும். அடிவானத்தருகே காற்றடுக்குகளினூடே வரும் ஒளி நிறம் மாறி மின்னும். கரிசல் வெளிக்கும் இது பொருந்தும். ஆதலின் ஒளியைக் கண்டேன் என்பவரை எள்ளுதலும் தவறு; அவர் சூட்டும் பெயரை அப்படியே ஏற்றலும் தவறு.

எதிர்வாதம்

பேரண்டம் பரந்தது, பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்கள் ஐயாயிரத்துக்கு மேல் கண்டறியப்பட்டுள்ளன, எங்கேனும் உயிர் இராதா என்பர் சிலர். இருக்கலாம். ஆயின் எங்கோ உயிர் இருப்பது வேறு; அது இங்கு வந்தது என்பது வேறு. பின்னதற்குத் தனிச் சான்று வேண்டும். 2023 செப்டம்பரில் அறிக்கை தந்த நாசாவின் ஆய்வுக் குழு அத்தகைய சான்று எதையும் காணவில்லை; கிடைத்த பதிவுகளின் தரம் போதாது என்பதையும் சுட்டியது.

நாம் செய்யத் தக்கது

பிறை கண்டதாக ஒருவர் வந்து சொன்னால், எங்கே, எந்நேரம், எத்திசை, உடன் கண்டவர் யார் என வினவிய பின்னரே நம் பெரியோர் ஏற்பர். வானொளிக்கும் அவ்வினாக்களே உரியன.

இனி அவை மிகவும் வேண்டப்படும். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் மணி கோத்தாற்போல் வானில் வரிசையாகச் செல்கின்றன. நம் மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து ராக்கெட்டுகள் எழும் நாளில் கரிசல் வானம் புதுக் காட்சிகளைக் காட்டும்.

கமலை இறைக்க எழுந்த நம் பாட்டனார் விடிவெள்ளியைப் பார்த்தே பொழுதறிந்தனர். அவர்களுக்கு அது அறிமுகமான ஒளி. மாணவர்கள் முதலில் அவ்வெள்ளியையும் வியாழனையும் இனங்காணப் பழகுதல் வேண்டும். பின்னர்ப் புதிய ஒளி ஏதேனும் தோன்றின், பெயரிடுமுன் நேரத்தையும் திசையையும் குறித்துக்கொள்க. லடாக்கில் உண்மையை வெளிக்கொணர்ந்தவை அக்குறிப்புகளே.